கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட்டவர்கள்

கொலை பண்ணியிருந்தால்கூட இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. கும்பிடும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள், ரொட்டிக்கடைக் குடும்பம் செய்த குற்றம் அதுதான். புருஷன், பெண்டாட்டி, சின்ன மகள் மூன்று பேரும் டிவியில், நேரலையில், ஊரே பார்க்கக் கையைக் கூப்பிக்கொண்டு முழித்தபடி நின்றார்கள்.

மறுநாள் காலையில் தூறல். நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவன் கண்ணை ஆந்தை மாதிரி உருட்டிக்கொண்டு கையைக் கூப்பினான்.

"அண்ணே, ஒரு ரொட்டி குடுங்க. கண்ணை மூடித்தான் தரணும்னு இல்ல, தெறந்துக்கிட்டே தரலாம்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ரொட்டிக்காரன் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். அந்தத் தாளில் அவர்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக் கும்பிடுகிற படம் போட்டிருந்தது. டிவிக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்தது. வேறு தாள் கடையில் இல்லை, பாவம், அதிலேயே சுற்ற வேண்டியிருந்தது.

நான் கேலிக்காரனிடம் கேட்டேன். "நீ என்ன வேலை பாக்குற?"

"ஏன் பெருசு?"

"சொல்லேன்."

"வண்டி ஓட்டுறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுற?"

"நல்லா இருக்கே கதை. வண்டி ஓட்டுறதும் கும்பிடுறதும் ஒண்ணா?"

"இவங்களுக்கு ஒண்ணுதான்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு உட்கார்ந்து விளக்க எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் பெயிண்டர். ரொட்டிக்கடைக்கு எதிர் வீடு. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்ததில்லை, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாரையும் சட்டென்று நம்புகிற வழக்கம் கிடையாது. மழை வராது என்று எவனாவது அடித்துச் சொன்னால்கூட, சுவர் காய்கிற வரைக்கும் வானத்தை நானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரொட்டிக்காரன் குடும்பத்தை அவன் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் அடுப்படி. விடியும் முன்பே புருஷனும் பெண்டாட்டியும் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மாவு பிசைவார்கள். முழங்கை வரைக்கும் மாவு இருக்கும். மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வார்கள். அப்படி நின்றபடியே அவன் வாயைத் திறந்து கடவுளிடம் பேசுவான். "மாவு நல்லா இருக்கு, நெருப்பு நல்லா இருக்கு, கை கால் இருக்கு. இன்னைக்கும் பாத்துக்க" என்பான். பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி. அவள் "ஆமா" என்பாள். வேலையும் நிற்காது. அந்த அடுப்புக்கு முன்னால் கண்ணை மூடினால் புருவம் பொசுங்கிவிடும். ஒரு தடவை பொசுங்கியும் இருக்கிறது.

இதை எவனோ போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குள் கேமரா வைத்து, அவர்கள் வாழ்கிறதைக் காட்டுகிற நிகழ்ச்சியாம். பார்க்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்களாம். 'பக்தியுள்ள குடும்பம்' என்று இவர்களுக்கு ஒரு பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். காதில் எந்நேரமும் ஒரு கருவி மாட்டியிருப்பாள். பேரைச் சொன்னாள், எனக்கு வாயில் வரவில்லை. காதுமாட்டி என்று வைத்துக்கொண்டேன். தெருவுக்கே அந்தப் பேர் நின்றுவிட்டது. நடுக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டாள்.

"மூணு சுவர் போதும்" என்றாள்.

"நாலாவது?"

"அங்க கேமரா நிக்கும் தாத்தா. தெரியாது."

"ஒரு கூடத்துல மூணு சுவருக்கு மட்டும் அடிச்சா பாக்கறவன் என் கையைத்தான் குறை சொல்லுவான்."

"பாக்கறவங்களுக்கு மூணுதான் தாத்தா இருக்கு."

"தாத்தா வேண்டாம். பெயிண்டர்னு கூப்பிடு."

அடித்தேன். மூன்று சுவர் முட்டை ஓடு மாதிரி பளபளவென்று இருந்தது. நாலாவது சுவரில் பழைய ஈரக்கறை, ஆணி ஓட்டை, ஒரு நாள்காட்டி. வீட்டில் இருந்த ஓட்டை உடைசல் எல்லாம் அந்தச் சுவர் ஓரமாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. படப்பிடிப்பு முடிந்து விளக்கை அணைத்ததும் மூன்று பேரும் அந்த ஓட்டை உடைசலுக்கு நடுவில் போய்த்தான் உட்கார்ந்து மூச்சு விடுவார்கள்.

பின்கட்டு அடுப்படி டிவிக்குச் சரிப்படவில்லை. புகை, இருட்டு, வியர்வை. அதனால் கும்பிடுவதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மேசைக்கு வந்ததும் கண்ணை மூடச் சொன்னார்கள். கண்ணை மூடினால்தான் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். முதல் நாள் மூடினார்கள். தெருவில் ஹாரன் அடித்தது, மறுபடி. ரொட்டி மேல் ஈ உட்கார்ந்தது, மறுபடி. சின்னவள் முகத்தில் நிழல் விழுந்தது, மறுபடி. ஆறிப்போன சாப்பாட்டுக்கு எத்தனை தடவைதான் நன்றி சொல்வது?

ஒரு நாள் விடியலில் நான் போனபோது இரண்டு பேரும் மாவுப் பலகையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்று அவள் என்னை உள்ளே இழுத்தாள். "ஒருத்தர்கிட்ட ஒரு நன்றியைத் திருப்பித் திருப்பிச் சொன்னா அவருக்குக் கோவம் வராதா?"

"யாருக்கு?"

"கடவுளுக்குத்தான்."

"எனக்கு அவரைப் பழக்கம் இல்லம்மா."

"கேலி பண்ணாதீங்க. நேத்துக் கண்ணை மூடினதும் கடவுள் வரலை, காதுமாட்டிதான் வந்தா. 'தலையைக் கொஞ்சம் எறக்குங்கம்மா, தலையைக் கொஞ்சம் எறக்குங்கம்மா'ன்னு."

ரொட்டிக்காரன் மாவைப் புரட்டிப் போட்டு அறைந்தான். "அவங்களுக்கு மூடிக் காட்டுவோம். நமக்கு எப்பவும் போல இங்க. கண்ணைத் தெறந்துக்கிட்டு. தெறந்தா நெசம், மூடினா டிவி. அவருக்குத் தெரியாதா வித்தியாசம்?"

"அவருக்கு நீ சொல்லிட்டியா?" என்றேன் நான்.

"இப்பச் சொல்றேன்" என்று நிமிர்ந்து, அடுப்பைப் பார்த்து, "தெறந்தா நெசம். சரிதானே?" என்றான்.

"ஆமா" என்றாள் அவள், கடவுளுக்குப் பதிலாக.

அவர்களுக்குள் ஏற்பாடு அப்படி ஆனது. சின்னவளுக்கும் சொல்லி வைத்தார்கள். மாசக்கணக்கில் ஊரெல்லாம் அவர்கள் மூடின கண்ணைப் பார்த்து உருகியது. கடையில் கூட்டம் தாங்கவில்லை. ரொட்டிக்காரியைத் தொட்டுக் கும்பிட ஒரு கிழவி வெளியூரிலிருந்து வந்தாள். கையில் மாவோடு அவள் கூச்சத்தில் நெளிந்ததை நான் பார்த்தேன்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரிப்பு வராத சங்கதி ஒன்று இருந்தது. அது பெரியவள்.

ஆமாம், அவர்களுக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். சின்ன வயதிலேயே வாய் நீளம். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "அங்க யாரும் கேக்கலைப்பா, நீங்களா பேசிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு அவள் ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆகி விலகின ஒருவனைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனாள். போன் பேச்சும் நின்றது. அம்மா மட்டும் அப்பனுக்குத் தெரியாமல் எப்போதாவது பேசுவாள், அது அப்பனுக்கும் தெரியும்.

டிவிக்காரர்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது ரொட்டிக்காரன், "ஒரே பொண்ணுதான்" என்றான். தட்டோடு பக்கத்தில் நின்ற பெண்டாட்டி மறுக்கவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முதல் நாள் கேமராவுக்கு முன்னால் அவளையே கேட்டார்கள், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. அவள் சின்னவளை அணைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு" என்றாள்.

அந்த வார்த்தை ரொம்ப அழகாக வந்துவிட்டது. அதையே வெட்டி எடுத்து விளம்பரமாகப் போட்டார்கள். சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பெரியவள் வீட்டிலும் டிவி இருக்கிறது.

விளம்பரம் வர ஆரம்பித்த பிறகு பெரியவள் அம்மாவின் போனை எடுப்பதை விட்டுவிட்டாள். கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்திகூட மருமகன் சொல்லித்தான் தெரியும். அவனை அம்மா நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் சொல்லியனுப்பினான். நல்ல பையன் என்றுதான் நினைக்கிறேன், எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும்.

கடைசிச் சுற்று நேரலை. பெரிய அரங்கம். கடை அலமாரியில் ரொட்டியை ஒதுக்கிவிட்டு டிவியை வைத்துத் தெருவே பார்த்தது. உள்ளே நடந்ததை ரொட்டிக்காரி பிறகு எனக்குச் சொன்னாள்.

ஒப்பனை அறையில் இருக்கும்போது மருமகன் போன். "அத்தே, ரத்தம் நிக்கலை. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. ரெண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாதுங்கறாங்க."

இவர்கள் எழுந்து கிளம்பினார்கள். காதுமாட்டி குறுக்கே நின்றாள். "பத்தே நிமிஷம்மா. மேடை ஏறி இறங்கிடுங்க. வாசல்ல வண்டி ரெடியா நிக்கும். இப்ப நீங்க போனா என்னை நிக்க வெச்சுக் கேப்பாங்க." எப்போதும் அதட்டுகிறவள் கெஞ்சினாள். இவர்களுக்கும் யாரையும் தள்ளிவிட்டுப் போய்ப் பழக்கமில்லை. ஏறினார்கள்.

கோட்டுப் போட்ட தொகுப்பாளன், "உங்க பிரார்த்தனையோட ஆரம்பிக்கலாமா?" என்றான். விளக்கைக் குறைத்தார்கள். வயலின் மாதிரி ஏதோ வாசித்தார்கள். மூன்று பேரும் கையைக் கூப்பினார்கள்.

கண்ணை மூடவில்லை.

பேசவும் இல்லை. அவள் நேரே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள், ரொட்டி வெந்துவிட்டதா என்று அடுப்புக்குள் பார்க்கிற பார்வை. அவன் உதடு மட்டும் அசைந்தது. சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். தொகுப்பாளன் சிரித்துக்கொண்டே, "என்ன, இன்னைக்குக் கண்ணை மூடலையா?" என்றான். வாசித்தவன் வாசித்து முடித்துவிட்டான். இவர்கள் முடிக்கவில்லை. பிறகு மூன்று பேரும் முடிவைக்கூடக் கேட்காமல் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

கடையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன், "பாத்தீங்களா, இத்தனை நாளும் நடிப்பு" என்றான். அந்த மாசங்களிலேயே அவர்கள் நடிக்காத ஒரே நேரம் அது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பரிசுக் கோப்பை பாட்டுப் பாடுகிற ஒரு குடும்பத்துக்குப் போனது.

பெரியவள் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது, ஆனால் ஒரு கை அளவுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை. பெரியவள் கண் விழித்ததும் மருமகன், "உங்க அம்மா வெளிய இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறான். "அவங்களுக்கு ஒரே பொண்ணு. வேற யாரோ வந்திருப்பாங்க, போகச் சொல்லுங்க" என்றாளாம்.

அன்றிலிருந்து ரொட்டிக்காரிக்கு வேலை அதுதான். விடியலில் மாவு பிசைவாள், முதல் அடுப்பு இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போவாள், பிரசவ வார்டு வராந்தாவில் உட்காருவாள். உள்ளே கூப்பிட மாட்டார்கள். சாயங்காலம் திரும்பி வருவாள். சில நாள் என் பழைய வேனில் ஏணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டேன்.

"என்னம்மா, உள்ள விட்டாளா?"

"இல்லண்ணே. ரொட்டியை மட்டும் வாங்கிக்கிட்டா."

"சாப்பிட்டாளா?"

"ஓரத்தைப் பிச்சுப் போட்டுட்டு நடுவுல இருக்கறதைச் சாப்பிட்டிருக்கா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்." அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம். தட்டில் மீந்த ஓரத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவளை என்ன சொல்வது?

இந்தப் பக்கம் கடை படுத்துவிட்டது. மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டு அடுப்பில் ஒன்றைத்தான் பற்ற வைத்தார்கள். கதவில் எவனோ பெரிதாக இரண்டு கண் வரைந்துவிட்டுப் போனான். நான்தான் அழித்தேன்.

ஒரு மத்தியானம் காதுமாட்டி வந்தாள். கேமரா இல்லை, காதில் மட்டும் கருவி. அவள் வருவதாக முன்பே சொல்லியிருந்ததால் அன்றைக்கு ரொட்டிக்காரியும் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். நான் நாலாவது சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"சிறப்பு நிகழ்ச்சி ஒண்ணு போடலாம்" என்றாள் காதுமாட்டி. "அன்னைக்கு ஏன் அப்படி நின்னீங்கன்னு சொல்லுங்க. பொண்ணு உயிருக்குப் போராடிட்டு இருந்தா, கண்ணை மூட முடியலைன்னு. ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். கண்ணாடிப் பெட்டியில குழந்தை. ஊரே அழும். கடை பழையபடி ஆயிடும்."

"ஒரே பொண்ணுன்னு சொன்னோமே?" என்றான் ரொட்டிக்காரன்.

"மூத்த பொண்ணுக்குக் கூச்ச சுபாவம், டிவி வேண்டாம்னு கேட்டுக்கிட்டா, அதனால மறைச்சோம்னு சொல்லிக்கலாம். பெத்தவங்க பிள்ளையைக் காப்பாத்துனாங்க. எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க."

அது நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். ரொட்டிக்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"செஞ்சிடலாமா?"

"அவளைக் கேக்காம மாட்டேன்."

"அவதான் உன்னை உள்ளயே விடமாட்டேங்கறாளே."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது தேவையா? போனேன்.

பெரியவள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க பெரியப்பா. நீங்களும் டிவியில வரப்போறீங்களா?"

"என் மூஞ்சிக்குக் கேமரா பாக்காத சுவர்தான் சரி. நீ எப்படி இருக்க?"

"தையல் வலிக்குது. சிரிக்க வெக்காதீங்க."

காதுமாட்டி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கூச்ச சுபாவம் என்று சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு வலியில் முகத்தைச் சுளித்தாள்.

"எனக்கா கூச்சம்?"

"அவங்க அப்படித்தான் எழுதிக் கொடுப்பாங்க."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னா."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். மழை கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு மேடையில நின்னு என்ன பண்ணாங்க பெரியப்பா? இவரு போன்ல காட்டினாரு. மூணு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறாங்க."

"உன்னைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுக்கிட்டு நின்னாங்க."

"யாருகிட்ட?"

"அதை என்கிட்ட கேக்காதே. எனக்கும் அவரைப் பழக்கமில்லை."

"டாக்டர் நல்லா தச்சாரு. அதனாலதான் நான் இருக்கேன்."

"இருக்கட்டும். நான் சண்டைக்கு வரலை."

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எடுக்கச் சொல்லுங்க. என் மூஞ்சி வரக் கூடாது. குழந்தை பக்கம் கேமரா போகவே கூடாது. வராந்தாவுல எடுக்கட்டும். இந்தக் கதவு தெறந்து இருக்கட்டும்."

"கதவு எதுக்கு?"

"அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குக் கேக்கணும்."

இதையும் ஒன்று விடாமல் போய்ச் சொன்னேன். ரொட்டிக்காரி சரியென்று தலையை ஆட்டினாள். மறுநாள் மாவு பிசையும்போது அவள் உப்புப் போட மறந்துவிட்டாள். அந்தக் கடையில் உப்பில்லாத ரொட்டியை நான் தின்றது அந்த ஒரு நாள்தான்.

ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு காதுமாட்டி கேமராவும் விளக்குமாக வந்தாள். வராந்தாவில் ஒரு பெஞ்சைத் துடைத்து மூன்று பேரையும் உட்கார வைத்தார்கள். பின்னால் சுவரில் எச்சில் துப்பாதீர் என்று எழுதியிருந்ததை ஒரு துணியால் மறைத்தார்கள். வார்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரியவளின் கட்டில் கால் மட்டும் தெரிந்தது.

"ரெடியாம்மா? மூத்த பொண்ணு, கூச்ச சுபாவம். அங்கேருந்து ஆரம்பிங்க."

விளக்குப் போட்டார்கள். ரொட்டிக்காரி கேமராவைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவளை இல்லைன்னு சொன்னேன்."

"நிறுத்துங்க, நிறுத்துங்க. அம்மா, 'மறைச்சு வெச்சோம்'. 'அவ விருப்பப்படி மறைச்சு வெச்சோம்'. சரியா? மறுபடி."

"எனக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ எங்க கூடச் சேர்ந்து கும்பிட மாட்டா. அவ இருந்தா படம் நல்லா இருக்காதுன்னு இல்லைன்னு சொன்னேன்."

"அம்மா..."

"தப்பா வந்துச்சா? மறுபடி சொல்றேன்."

"தப்பு இல்லம்மா. வேற மாதிரி சொல்லணும்."

மறுபடி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள். அவள் அடம் பிடிக்கிற மாதிரியும் இல்லை. அவர்கள் மறுபடி என்றார்கள், அவளும் மறுபடி சொன்னாள், அத்தனை மாசமாக அவளைப் பழக்கி வைத்திருந்தார்களே. 'ஒண்ணே ஒண்ணு'ன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி வாயைக் கழுவிக்கிட்டே இருந்தேன் என்றாள். அவ பிறந்தப்ப அடுப்பு அணைஞ்சு போச்சு, கடையை மூடிட்டு அவளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம் என்றாள். விளக்குப் பிடித்தவன் கையை மாற்றிக்கொண்டான். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். கட்டிலில் அசைவில்லை.

காதுமாட்டி ரொட்டிக்காரனிடம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க சார்."

அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடையை நினைத்தானோ என்னவோ, ஒரு தடவை பெண்டாட்டியைப் பார்த்தான்.

"மொதல்ல இல்லைன்னு சொன்னது நான்" என்றான். "அவ இல்ல. நான். இவ என் பின்னால வந்தா. இதை மட்டும் சரியா எடுத்துக்கங்க."

"நான் சிரிச்சேன்" என்றாள் சின்னவள், யாரும் கேட்காமலே. "அம்மா அணைச்சுக்கிட்டப்ப நான் சிரிச்சேன்."

காதுமாட்டி விளக்கை அணைக்கச் சொன்னாள். காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். காது மடல் சிவந்து அழுந்திப் போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே பெஞ்சில் ரொட்டிக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதை நான் போட முடியாதும்மா. போட்டா, மாசக்கணக்கா நாங்களும் பொய் சொன்னோம்னு ஆகும்."

"தெரியுதும்மா."

"உங்க கடைக்கும் வேற எதுவும் பண்ண முடியாது."

"சரிம்மா."

"எங்க அம்மா உங்களைப் பாத்துட்டு டிவி முன்னாடி உங்க கூடவே கும்பிடுவாங்க. நீங்க கண்ணை மூடினா அவங்களும் மூடுவாங்க. வேலையில சேர்ந்ததுலேருந்து நான் எடுத்த நிகழ்ச்சியில அவங்க பாத்தது இது ஒண்ணுதான்." காதுமாட்டி மூக்கை உறிஞ்சினாள். "அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

ரொட்டிக்காரி யோசித்தாள். "அவங்க கும்பிட்டது நெசம்தானே? அதை நிறுத்தச் சொல்லாதே."

அவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்கள். துணியை எடுத்ததும் எச்சில் துப்பாதீர் மறுபடி வெளியே வந்தது. நிகழ்ச்சி வரவே இல்லை. கடை எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மழைக்காலம் முடியும் முன்பே முன்கடையை மூடிவிட்டு, ஓட்டல்களுக்குப் பின்வாசல் வழியாக ரொட்டி போட ஆரம்பித்தார்கள். தின்கிறவனுக்கு யார் போட்டது என்று தெரியாது, அதனால் கேலியும் இல்லை. என்னுடைய வேன்தான் கொண்டுபோகிறது.

அன்றைக்கு வராந்தா காலியான பிறகும் மூன்று பேரும் பெஞ்சிலேயே இருந்தார்கள். எழுந்து போவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ரொட்டிக்காரன், "கெளம்பலாமா?" என்றான். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது குழந்தை வார்டு நர்ஸ் வேகமாக வந்து பாதிக் கதவை முழுசாகத் திறந்தாள்.

"குழந்தையைப் பெட்டியிலேருந்து கொஞ்ச நேரம் வெளிய எடுக்கறோம். அம்மாவால எந்திரிக்க முடியாது. சொந்தக்காரங்க ஒருத்தர் நெஞ்சோட வெச்சுக்கிட்டு உக்காரணும். அப்பா எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்காரு" என்றேன்.

நர்ஸ் ரொட்டிக்காரியைப் பார்த்தாள். "நீங்க தினமும் இங்கயே உக்காந்திருக்கீங்களே. நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். வராந்தாவில் அத்தனை தடவை சொன்னவளுக்கு இப்போது வார்த்தை வரவில்லை. நர்ஸின் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்தாள்.

பெரியவள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸ், "சீக்கிரம் சொல்லுங்கம்மா, அங்க குழந்தை காத்திருக்கு" என்றாள்.

"அது எங்க அம்மா" என்றாள் பெரியவள். "கூட்டிட்டுப் போங்க. கையை நல்லா கழுவச் சொல்லுங்க சிஸ்டர், நகத்துல மாவு இருக்கும்."